பழைய 1210 சேசிஸில் பவர் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காருமா?

வாடிப்பட்டி மட்டை வண்டி:

அண்ணன்மாருக்கு வணக்கம். எங்களிடம் டாடா 1210 எஸ்இ ஒன்று இருக்கிறது. 1994 மாடல், அப்பா வாங்கியது. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத் தோப்புகளில் தேங்காய் மட்டை ஏற்றி நார் மில்லில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அதற்கு வேலை. ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஆனால் பாதி நாள் தோப்புக்குள் முன்னே பின்னே எடுத்துத் திருப்புவதிலேயே போய்விடுகிறது. வாய்க்கால் கரையில் இடமே இருக்காது, நின்ற இடத்தில் ஒடித்துத்தான் ஆக வேண்டும். அப்பாவுக்கு 63 வயது, வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. நான் ஓட்டினாலும் சாயங்காலம் சாப்பாட்டைப் பிசையக்கூட கை வராது.

உடைப்புக்கு வந்த ஒரு டாடா 1613 வண்டியில் இருந்து பவர் ஸ்டியரிங் பாக்ஸ், பம்ப், ஆயில் டப்பா, ஹோஸ் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். போய்ப் பார்த்தேன். பாக்ஸ் எங்கள் பாக்ஸைவிடப் பெரியது, போல்ட் ஓட்டை ஒன்றுகூட எங்கள் சேசிஸ் ஓட்டையோடு சேரவில்லை. டிராப் ஆர்ம், அதாவது பாக்ஸ் தண்டில் மாட்டிக் கீழே தொங்குகிற கை, அதன் பல்லும் வேறு. எங்கள் ஊர் வெல்டிங்காரர், ஒரு தகட்டை சேசிஸில் பற்றவைத்து அதன்மேல் பாக்ஸை முடுக்கிவிடலாம், ஒரு நாள் வேலை என்கிறார். ஒரு நாள் என்று சொன்னதுதான் எனக்கு பயமாக இருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆண்டிப்பட்டி பழைய டிரைவர்:

தம்பி, பாக்ஸுக்குக் காசு கொடுக்கும் முன்னால் ஒரு காரியம் செய். முன் அச்சுக்கு ஜாக்கி போட்டு இரண்டு டயரையும் தரையை விட்டுத் தூக்கு, டிராப் ஆர்மில் இருந்து டயருக்குப் போகிற தண்டு, டிராக் லிங்க், அதைக் கழற்றிவிடு. இப்போது ஒரு டயரைக் கையால் பிடித்துத் தள்ளினால் இரண்டு டயரையும் இணைக்கிற டை ராடு இழுத்து இன்னொன்றும் சேர்ந்து வழுவழுவென்று போக வேண்டும். போகாமல் முரண்டு பிடித்தால் உன் அப்பா தோளைக் கெடுத்தது ஸ்டியரிங் பாக்ஸ் இல்லை, டயர் திரும்புகிற அச்சாணியான கிங் பின். கிரீஸ் ஏறாமல் புஷ்ஷோடு இறுகிக் கிடக்கும், கீழே த்ரஸ்ட் பேரிங் துருப்பிடித்துப் பொடியாகியிருக்கும். மட்டை வண்டிக்கு எவன் கிரீஸ் அடிக்கிறான்? ஈரத் தோப்பு, சேறு, சாயங்காலம் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்துவது, அவ்வளவுதான்.

22 வருடம் லேலண்ட் காமெட்டில் குமுளி மலை ஏறி இறங்கியவன் சொல்கிறேன், பவர் எல்லாம் அப்போது கிடையாது. நின்ற இடத்தில் ஒடிக்கவே மாட்டோம். அரை அடி உருளவிட்டு அந்த உருளலிலேயே ஒடிப்போம், ஸ்டியரிங் பாதி கனம்தான் இருக்கும். டயர் காற்றையும் பார். 9.00-20 டயரில் காற்று குறைந்தால் வண்டி கல் உருட்டுவது போலத்தான் திரும்பும்.

வாடிப்பட்டி மட்டை வண்டி:

ஐயா, கிரீஸ் விஷயத்தில் நேரில் பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள். போன தீபாவளிக்கு முன்னால் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை தூக்கிப் பார்க்கிறேன்.

கப்பலூர் பட்டறை:

ஐயா சொன்னதை முதலில் முடி. ஜாமான கிங் பின் மேல் பவர் ஸ்டியரிங் போட்டால் வலி உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். உள்ளே தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும், ஒரு நாள் வளைவில் வைத்துத் தெரியும்.

சரி, பாக்ஸுக்கு வருவோம். போடலாம், நானே ஏழெட்டு வண்டிக்குப் போட்டிருக்கிறேன். எல்லோரும் பாக்ஸ் எங்கே கிடைக்கும், பம்ப் எங்கே கிடைக்கும் என்றுதான் அலைகிறார்கள். அது கடையில் கிடைக்கிற சாமான். அது உட்காரப் போகிற சேசிஸ் இடத்தை யாரும் பார்ப்பதில்லை, முழு வேலையும் அங்கேதான் இருக்கிறது. கை ஸ்டியரிங்கில் டயர் ஒரு கல்லிலோ வரப்பிலோ முட்டி நின்றால் முதலில் தோற்பது உன் கை. ஐயோ முடியவில்லை என்று விட்டுவிடுவாய், சேசிஸ் தப்பித்துவிடும். பவர் ஸ்டியரிங்குக்கு அந்த ஐயோ கிடையாது. டயரில் நாம் அடிக்கிற காற்று 7 பார் சுமார் என்று வைத்துக்கொள், லாரி ஸ்டியரிங் பம்ப் 100 பாருக்கு மேல் தள்ளும். டயர் நகராவிட்டால் அந்த விசை எல்லாம் திரும்பி பாக்ஸ் போல்ட்டுக்கும் போல்ட் ஓட்டைக்கும்தான் வரும். கை ஸ்டியரிங்குக்கென்று ஓட்டை போட்ட 30 வருடப் பழைய இரும்பு அதை எத்தனை நாள் தாங்கும்? ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பும், நீ பார்க்கும்போது விரல் நீளம் ஆகியிருக்கும்.

அதனால் சேசிஸுக்கு உள்பக்கம், அந்தச் சி வடிவ வயிற்றுக்குள் 8 எம்எம் தகடு ஒன்று முழுசாக ஒட்டி உட்கார வேண்டும். பாக்ஸ் அளவுக்கு மட்டும் வெட்டக் கூடாது, முன்னும் பின்னும் ஒவ்வொரு சாணாவது நீளம் போக வேண்டும். முனையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டு. நேராக வெட்டினால் தகடு முடிகிற அந்தக் கோட்டிலேயே சேசிஸ் மடங்கி விரியும். ஓட்டை எல்லாம் நடுப்பகுதியில் மட்டும்தான், மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் டிரில்லை வைக்கவே கூடாது. கேஸ் கட்டரால் ஓட்டை போடுகிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. டிரில் போட்டு, ரீமர் விட்டு, போல்ட் கையால் தட்டி நுழைகிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். போல்ட் 10.9 கிரேடு, தலையில் எண் அச்சடித்திருக்கும், பார்த்து வாங்கு. புது ஓட்டை பழைய ஓட்டையைப் பாதி கடித்துக்கொண்டு வந்தால் பாக்ஸை ஓர் அங்குலம் நகர்த்து, ஓட்டையை நீட்டாதே.

எவ்வளவு நகர்த்தலாம் என்று அடுத்துக் கேட்பாய். பழைய பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியை சிமெண்ட் தரையில் நிறுத்தி டயரை நேராக வை, வழக்கமான லோடு ஏற்றியிருந்தால் நல்லது. டிராப் ஆர்மின் கீழ் முனையில் டிராக் லிங்க் மாட்டுகிற பந்து இருக்கிறதல்லவா, அதற்கு நேர் கீழே கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போடு. தரையில் இருந்து பந்து எத்தனை உயரம் என்று சேசிஸ் மேலேயே எழுதி வை. புது பாக்ஸ் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அதன் பந்து அந்தக் கூட்டல் குறிக்கு மேல் அதே உயரத்தில் நிற்க வேண்டும். உன் வண்டியில் முன் பட்டை, அதாவது ஸ்பிரிங், முன் முனையில் ஆணி போட்டுக் கட்டியிருக்கும், பின் முனை ஷேக்கிள் என்கிற கொக்கியில் ஆடும். அமுங்கும்போது அச்சு மேலே மட்டும் போகாது, ஒரு வளைவில் போகும். டிராக் லிங்கும் அதே மாதிரி வளைவில் போனால்தான் வண்டி நேராகப் போகும். பந்து இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும், பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் பிரேக் டிரம்மைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பீர்கள், கோளாறு அங்கே இருக்காது.

டிராப் ஆர்மை பாக்ஸோடு வந்ததாகவே வாங்கிக்கொள். பல் சேரவில்லை என்று சூடு காட்டி வளைப்பது, வெட்டி ஒட்டுவது எதுவும் வேண்டாம், அது அடித்துச் செய்த உருக்கு. ஆர்ம் நீளத்தையும் பழையதோடு வைத்துப் பார். குட்டையாக இருந்தால் பாக்ஸுக்குள் லாக், அதாவது இதற்கு மேல் சுற்றாது என்கிற எல்லை, முதலில் விழுந்து டயர் முழுதாகத் திரும்பாது, உன் தோப்பு வேலைக்கு அது ஆகாது. கழற்றும்போது புல்லர் போட்டுக் கழற்று, சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங் போய்விடும்.

செல்லூர் கட்டிங்:

இவ்வளவு பெரிய கதை எதுக்குண்ணே? எங்கள் ஏரியாவில் எல்லாம் 10 எம்எம் தகடு சுற்றிப் பற்றவைத்து விடுவோம். ஒன்றும் ஆனதில்லை.

கப்பலூர் பட்டறை:

ஒன்றும் ஆகாத வண்டிகள் உன் கடைக்குத் திரும்பி வராது தம்பி, விரிந்த வண்டிகள் என் கடைக்கு வரும். வெல்டிங் ஓடிய ஓரத்தில்தான் இரும்பு முதலில் விடும். தகடு கனமாக ஆக அந்த ஓரத்தில்தான் இன்னும் பாரம் ஏறும்.

மேலூர் டிப்பர்:

நான் பட்டதைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான்கு வருடம் முன்னால் எங்கள் பழைய டிப்பருக்கு வேறு கம்பெனி பாக்ஸ் ஒன்றைச் சல்லிசாக வாங்கி ராவோடு ராவாக மாட்டினோம். ஓட்டை சேர்ந்தது, பல் சேர்ந்தது, எல்லாம் அம்சமாக இருக்கிறதே என்று காலையில் தேங்காய் உடைத்து வண்டியை எடுத்தேன். வலதுபக்கம் ஒடித்தேன், வண்டி இடதுபக்கம் போகிறது. பதறி இன்னும் வலதுபக்கம் ஒடித்தேன், இன்னும் இடதுபக்கம் போய் குவாரி ஆபீஸ் தண்ணீர்த் தொட்டியில் முட்டித்தான் நின்றது. உடைத்த தேங்காய் அந்த டயருக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

உள்ளே இருக்கிற புழுத் தண்டில் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வண்டிக்கு வண்டி வேறுபடும். பாக்ஸ் அச்சுக்கு முன்னால் உட்காருகிறதா பின்னால் உட்காருகிறதா, டிரைவர் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைப் பொறுத்துச் செய்திருப்பார்கள். வாங்குகிற இடத்திலேயே பாக்ஸை வண்டியில் நிற்கிற மாதிரி நிறுத்தி, மேல் தண்டைக் கையால் வலதுபக்கம் சுற்றி, டிராப் ஆர்ம் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று பார். உன் பழைய பாக்ஸிலும் அதே மாதிரி பார். ஒரே பக்கம் போனால் காசைக் கொடு. 1613-ம் 1210-ம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், இருந்தாலும் பார்த்துவிடு.

பம்ப்பும் அப்படித்தான், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, பெரும்பாலும் உடம்பிலேயே அம்புக்குறி இருக்கும். மாற்றிச் சுற்றினால் ஆயில் தள்ளாது.

ரிங் ரோடு எஃப்சி:

இரண்டு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்ததில் இருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. உங்கள் வண்டி வயதுக்கு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்டியாக வேண்டும், ஸ்டியரிங்கை அதில் கட்டாயம் பார்ப்பார்கள். வேலை முடித்துவிட்டுப் போய் விழிக்காமல், தொடங்கும் முன்னால் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டு, அவர்கள் கேட்கிற காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ், பம்ப் வாங்கிய ரசீதும் இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று அப்பாவிடம் சொல்ல வேண்டியது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிற பழக்கம் பழைய ஆட்களுக்கு உண்டு. ஏர் பிரேக் வண்டியில் அதுவே தப்பு. பவர் ஸ்டியரிங் போட்ட பிறகு எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும், ஸ்டியரிங் திரும்பும், ஆனால் பழைய கை ஸ்டியரிங்கைவிடக் கனமாக இருக்கும். சிறுமலையில் 18 வளைவு, போடி மெட்டில் 17 வளைவு, எதில் வேண்டுமானாலும் யோசித்துப் பாருங்கள்.

வாடிப்பட்டி மட்டை வண்டி:

அஞ்சு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் மட்டை சீசன்.

ஆண்டிப்பட்டி ஐயா சொன்னதுதான் நடந்தது. இரண்டும் சேர்ந்து முரண்டு பிடித்ததால் டை ராடையும் கழற்றித் தனித்தனியாகத் தள்ளினோம். இடது டயர் விரலால் தள்ளினாலே போகிறது, வலது டயரை நானும் தம்பியும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. கிங் பின்னை அடித்து வெளியே எடுக்கவே ஒரு முழு நாள் ஆயிற்று, த்ரஸ்ட் பேரிங்கில் உருளை என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. புது செட் போட்டு ஓட்டியதில் பாதி கனம் அங்கேயே குறைந்துவிட்டது. இனி பவரே வேண்டாமோ என்று ஒரு வாரம் யோசித்தோம். அப்பா தோளைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். ஆர்டிஓ ஆபீஸிலும் கேட்டுவிட்டேன், காகிதம் கையில் இருக்கிறது.

பாக்ஸை வாங்கி, ஆர்ம் எந்தப் பக்கம் போகிறது என்று கடையிலேயே சுற்றிப் பார்த்தேன். கடைக்காரர், என்ன தம்பி நாட்டு மருந்து மாதிரி சோதிக்கிறாய் என்றார். பழைய பாக்ஸைக் கழற்றி அந்த இடத்தை டீசல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோதுதான் பின்பக்கக் கீழ் ஓட்டையில் இருந்து ஒரு கோடு தெரிந்தது. முதலில் தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. துடைத்த பிறகும் அந்தக் கோட்டில் மட்டும் துரு கசிந்து சிவப்பாக வருகிறது, ஒன்றரை அங்குலம் இருக்கும். இதன் மேலேயே தகடு போட்டு மூடிவிடலாமா?

கப்பலூர் பட்டறை:

மூடாதே. அது கை ஸ்டியரிங்கிலேயே விட்ட விரிசல், பவர் போட்டிருந்தால் மூன்று மாதத்தில் பாக்ஸ் கையோடு வந்திருக்கும். விரிசல் எங்கே முடிகிறது என்று சரியாகப் பார்த்து, அந்த முனைக்குச் சற்றுத் தள்ளி 6 எம்எம் டிரில்லால் ஓர் ஓட்டை போடு. விரிசல் அதைத் தாண்டி ஓடாது. அப்புறம் கோட்டை கிரைண்டரால் வி மாதிரி அகட்டி, பேட்டரியைக் கழற்றிவிட்டு 7018 வெல்டிங் ராடில் நிரப்ப வேண்டும். ராடு காய்ந்ததாக இருக்கட்டும், பெட்டி திறந்து மழையில் கிடந்தது வேண்டாம். நிரப்பியதைச் சேசிஸோடு சமமாகத் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் தகடு, போல்ட். செல்லூர் தம்பி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், விரிசலை மூடுவதற்கு வெல்டிங் உண்டு, தகட்டைப் பிடித்து நிறுத்துவதற்கு இல்லை.

ஹோஸ் விஷயம் யாரும் சொல்லவில்லையே. பம்ப்பில் இருந்து பாக்ஸுக்குப் போகிறது அழுத்த ஹோஸ், அதில் கிளிப் போட்டு முறுக்குகிற வேலை கிடையாது. ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடையில் இரண்டு அடுக்குக் கம்பி வலை போட்ட ஹோஸை நீளம் பார்த்து முனை நசுக்கி வாங்கிக்கொள். டப்பாவுக்குத் திரும்புகிற ஹோஸுக்கு மட்டும் கிளிப் போதும். இரண்டையும் சைலன்ஸர் பக்கம் விடாதே, ஆயில் தெறித்தால் தீப்பிடிக்கும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை ஓட்டையில் வருகிற ஆயில் தோலுக்குள் ஏறிவிடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அட்டையைக் காட்டிப் பார்.

ஆயில் சிவப்பு ஏடிஎஃப், ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற மெல்லிய ஆயில். பழைய பாக்ஸுக்கு ஊற்றிய 90 கியர் ஆயிலை இதில் ஊற்றாதே. முன் அச்சைத் தூக்கி, எஞ்சின் போடாமல், ஸ்டியரிங்கை இந்த லாக்கில் இருந்து அந்த லாக்குக்கு இருபது தடவையாவது சுற்று, ஒரு ஆள் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்ற பிறகு எஞ்சினைப் போடு. மாட்டும்போது மொத்தம் எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதியில் பாக்ஸை நிறுத்தி, டயரை நேராக வைத்து டிராக் லிங்கை மாட்டு. அந்த நடுவில்தான் பாக்ஸுக்குள் ஆட்டம் இல்லாமல் செய்திருப்பார்கள்.

வாடிப்பட்டி மட்டை வண்டி:

மாட்டியாகிவிட்டது. ஒரு நாள் வேலை பதினோரு நாள் ஆனது. தூக்குக்குண்டு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த கொத்தனாரிடம் கடன் வாங்கியது, பந்து கூட்டல் குறியில் இருந்து அரை விரல் முன்னால் நிற்கிறது, அதற்கு மேல் முடியவில்லை, கிளட்ச் ராடு இடிக்கிறது. அப்பா ஒரு கையால் ஒடித்துப் பார்த்துவிட்டு, என்னடா பம்பரம் மாதிரி சுற்றுகிறது என்றார். அப்புறமும் பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் தொங்குகிறார்.

ஒரு சந்தேகம். வலதுபக்கம் முழு லாக் ஒடித்துப் பிடித்தால் உய்ங்ங் என்று ஒரு சத்தம் வருகிறது, இடதுபக்கம் இல்லை.

கப்பலூர் பட்டறை:

அச்சில் இருக்கிற ஸ்டாப்பர் போல்ட்டில் முட்டியும் பம்ப் விடாமல் தள்ளுகிறது, மிஞ்சிய அழுத்தத்தை விடுகிற ரிலீஃப் வால்வு கத்துகிறது. அந்தப் பாக்ஸில் லிமிட் ஸ்குரூ இருந்தால், ஸ்டாப்பர் முட்டுவதற்கு 2, 3 எம்எம் முன்னாலேயே அழுத்தம் விடுகிற மாதிரி வைக்கலாம். அதுவரை லாக்கில் பிடித்து நிற்காதே, ஆயில் கொதித்து சீல் போய்விடும். முட்டியதும் கொஞ்சம் தளர்த்திவிடு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா.

வாடிப்பட்டி மட்டை வண்டி:

வருகிறேன் அண்ணே. காலி வண்டியாக வரவா, லோடோடு வரவா?

கப்பலூர் பட்டறை:

லோடோடு வா. பட்டை அமுங்கியிருக்கும்போது அந்த அரை விரல் என்ன செய்கிறது என்று நான் பார்க்கணும்.